சடங்கு முடிந்தது, வயது வரவில்லை

போன வாரம் என் வாய் சும்மா இருக்காமல் ஒரு வேலை செய்துவிட்டது.

கேகாலையில் எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மனைவி, கையில் தாம்பாளத்தோடு வீட்டுக்கு வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் நிறத்தில் பளபளவென்று ஒரு கார்ட். "மகளுக்குச் சடங்கு வச்சிருக்கோம். நீங்களும் சாரும் கட்டாயம் வரணும்ங்க."

'ரொம்ப சந்தோஷம்' என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

"நிஜமாத்தான் வயசுக்கு வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! "என்னங்க டீச்சர் இப்புடிக் கேக்குறீங்க? இதுல நிஜம், பொய் வேற இருக்கா?" என்றார். நான் ஏதோ உளறிச் சமாளித்து, பிஸ்கட் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

கிறுக்கு இல்லை. அனுபவம். இந்த இடத்தில் வாராவாரம் என் புலம்பலைப் படிக்கிற உங்களுக்கு ஊர்க்கதை எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. காரணம், இதில் குற்றவாளி நான்.

அப்போது ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பாடசாலையில் தமிழும் சமயமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடசாலைக்குப் பின்னாலேயே குவாட்டர்ஸ். அதற்குக் கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள், லயம். லயத்தின் முதல் வீட்டில் பாக்கியக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தார். மாதம் ஒரு தடவை வருவார். ஒரே மகள் யோகா. என் வகுப்புதான்.

யோகாவுக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. கூடப் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும் சடங்கு முடிந்து, போட்டோவைச் சட்டம் போட்டு சுவரில் மாட்டியாகிவிட்டது. யோகாவுக்கு ஒன்றுமில்லை. லயத்தில் இதையெல்லாம் மறைக்க முடியுமா? கொடியில் காய்கிற துணியைப் பார்த்தே வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் முதலில் கிசுகிசுத்தார்கள். பிறகு கிசுகிசுப்பதையும் விட்டுவிட்டார்கள். ஒருநாள் ஒருத்தி சத்தமாகவே சொன்னாளாம், 'இருசி' என்று. வயதுக்கே வராதவளுக்கு நம்மவர்கள் வைத்திருக்கிற சொல். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைக்கவேண்டும்!

அன்று சாயந்திரம் பாக்கியக்கா என் குசினிப் படியில் உட்கார்ந்து அழுதார். "இவள இனி எவன் கட்டுவான் டீச்சர்? என் தம்பிகாரனே 'பாப்போம், பாப்போம்'னு நழுவுறான்." எனக்கு மனசு தாங்கவில்லை. தேத்தண்ணீரை அவர் கையில் கொடுத்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னேன்.

"பேசாம ஒரு சடங்க வச்சிருங்களேன் அக்கா. யாரு உள்ள வந்து பாக்கப் போறா?"

பாதி விளையாட்டுதான். ஆனால் பாக்கியக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான்... அதற்குப் பிறகு அது விளையாட்டாக இருக்கவில்லை.

நாளையும் நேரத்தையும் நாங்களே தேர்ந்தெடுத்தோம். என் வீட்டுச் சுவர்க் கலண்டரில் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை. உலகத்திலேயே அவ்வளவு சுத்தமான நேரத்தில் வயதுக்கு வந்த பெண் யோகா ஒருத்தியாகத்தான் இருப்பாள். கறைத் துணி எடுக்க வருகிற டோபி அம்மாவை எப்படி ஏமாற்றுவது? அன்று காலை ஒரு கோழி உயிரை விட்டது. 'என்ன பாக்கியம், வியாழக்கிழமையும் அதுவுமா கோழிக்கறி மணக்குது?' என்று பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். 'பிள்ளைக்குச் சத்து வேணுமே' என்றாராம் அக்கா. பயங்கரமான ஆள்!

சோசியர் ருது ஜாதகம் கணித்தார். நாங்கள் சொன்ன நேரத்தை வைத்துத்தான். "மகராசியான பிள்ளை. உடம்புல ஒரு நோய் நொடி அண்டாது" என்று எழுதியும் கொடுத்தார்.

யோகா மட்டும் என் காதோரம் வந்து, "டீச்சர், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றாள். "சும்மா இரு. ஆகும்போது ஆகும்" என்றேன். பதினாறு நாள் அவளை வீட்டு மூலையில் உட்காரவைத்தார்கள். மாமன் தென்னோலை கட்டினான், சீர் கொண்டுவந்தான். தோட்டமே வந்து சாப்பிட்டது. நானும் சாப்பிட்டேன். பாயசம் நன்றாக இருந்ததாக ஞாபகம்.

இதெல்லாம் சிரிப்பாக இருக்கிறது இல்லையா? எனக்கும் இருந்தது, ஒரு வருஷம்.

அந்த வருஷத்தில் யோகாவுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு டெஸ்க்கில் கவிழ்ந்துவிடுவாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். நெட்போல் விளையாடும்போது நேரே வருகிற பந்தை அழகாகப் பிடிப்பாள். பக்கவாட்டில் வருகிற பந்து அவள் காதில் அடிக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். "கண்ணைப் பொடனியிலயா வச்சிருக்க?" என்று நானே கத்தியிருக்கிறேன். கரும்பலகையில் எழுதுவதைச் சரியாகப் பார்த்து எழுதுகிறவளுக்குக் கண்ணில் கோளாறு என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அப்படிக் கத்தியதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

பாக்கியக்கா அவளை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு லேடி டொக்டர், சிங்களவர். மற்றக் கேள்விகளோடு, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றும் கேட்டிருக்கிறார். பாக்கியக்காவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. "வருது டொக்டர், போன வருஷமே சடங்கு செஞ்சாச்சு" என்று மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறார். டொக்டர் அதை எழுதிக்கொண்டார். தலைவலி படிப்புச் சுமையாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

தலைவலி போகவில்லை. இரண்டாவது முறை என்னையும் துணைக்குக் கூப்பிட்டார் அக்கா. பஸ்ஸில் போகும்போதே அவர் ஒரு திட்டம் போட்டுவிட்டார். "மாசாமாசம் வருதுன்னு சொன்னதுனாலதான் சரியான மருந்து குடுக்கல போல. வந்து நின்னுபோச்சுன்னு சொல்லிருவோம் டீச்சர். பாதிப் பொய்தானே?"

பாதிப் பொய்! அதற்கும் நான் தலையாட்டினேன் பாருங்கள்.

உள்ளே போனோம். "பத்து மாசமா நின்னுபோச்சு டொக்டர்" என்றார் அக்கா. டொக்டர் பேனாவை நிறுத்தினார். யோகாவைப் பார்த்தார். நர்ஸ் மிஸ்ஸியைப் பார்த்தார். ஒரு சின்னப் போத்தலை யோகாவின் கையில் கொடுத்து, சிறுநீர் எடுத்துவரச் சொன்னார். எதற்கு என்று எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் பாக்கியக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

யோகாவுக்கும் புரிந்துவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளைக்குப் புரியாதா? கையில் போத்தலை வைத்துக்கொண்டு நின்றவள், சுத்தமான சிங்களத்தில் சொன்னாள்: "டொக்டர், எனக்கு ஒருநாளும் வந்ததே இல்ல."

"வெக்கத்துல சொல்றா டொக்டர்!" பாக்கியக்கா குறுக்கே விழுந்தார். "ஊருக்கே தெரியும். போட்டோ இருக்கு. வேணும்னா கொண்டாந்து காட்டுறேன்."

"பொய் சொல்றாங்க டொக்டர்" என்றாள் யோகா.

"அடியேய்!"

டொக்டர் இரண்டு பேரையும் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க டீச்சர்தானே? நீங்க சொல்லுங்க. எது உண்மை?"

யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் என்னை நம்பி வந்த பாக்கியக்கா. என் கையைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறார். இன்னொரு பக்கம் யோகா. அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் உண்மையைச் சொல்வேன் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் அக்காவின் கையை விலக்கிவிட்டேன்.

"பிள்ளை சொல்றதுதான் உண்மை" என்றேன். "சடங்கு பொய். ஐடியா குடுத்தது நான்."

திட்டுவார் என்று நினைத்தேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஊருக்கு என்ன பொய் வேணும்னாலும் சொல்லுங்க. எனக்கு ஏன் சொன்னீங்க? வந்து நின்னுபோறது ஒரு வியாதி. வராமலே இருக்கிறது இன்னொரு வியாதி. நான் ஒரு வழியில தேடிக்கிட்டு இருக்கேன், பிள்ளை வேற வழியில நிக்கிறா." பிறகு யோகாவிடம் மெதுவாக, "வேற என்ன மகள் செய்யுது? எல்லாத்தையும் சொல்லு" என்றார். யோகா நிலையில் இடித்துக்கொள்வதைச் சொன்னாள். பந்தைச் சொன்னாள்.

டொக்டர் உடனே எழுந்து அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார். "என் மூக்கையே பாரு. விரல் ஆடுறது தெரிஞ்சதும் சொல்லு." இரண்டு கையையும் அகல விரித்து, விரலை ஆட்டிக்கொண்டே மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்து நானும் டொக்டரின் மூக்கையே பார்த்தேன். எனக்கு விரல்கள் உடனே தெரிந்துவிட்டன. யோகா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லடி, சொல்லடி என்று என் மனசு அடித்துக்கொண்டது. விரல்கள் ஏறக்குறைய முகத்துக்கு நேரே வந்த பிறகுதான், "இப்ப தெரியுது" என்றாள்.

"அனே..." என்றார் டொக்டர். அந்த ஒரு சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

தலையை ஸ்கேன் எடுக்கவேண்டும், கொழும்புக்குப் போகவேண்டும் என்றார். ரத்தமும் சோதிக்கவேண்டும். வெளியே வந்ததும் பாக்கியக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க டீச்சர் இது? அடிவயித்துச் சமாச்சாரத்துக்கு மண்டையப் படம் புடிக்கச் சொல்றாங்க? இந்தம்மாவுக்கு ஏதும் தெரியுமா, தெரியாதா?"

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? நான் விஞ்ஞான டீச்சரா?

கொழும்பு போய் வந்தோம். வழியில் ஒரு செக்பொயின்ட்டில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரப் பொடியன் எங்கள் பெரிய கவரைத் திறந்து, ஸ்கேன் படத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தான். "யாருடைய தலை இது?" என்று கேட்டான். யோகா "என்னோடது" என்றாள். அவன் அவளைப் பார்த்தான். படத்தை இரண்டு கையாலும் பத்திரமாக உறைக்குள் வைத்துத் தந்தான்.

மறுபடி அந்த டொக்டரிடம். அவர் ஒரு தாளின் பின்பக்கத்தில் மூளையை வரைந்தார். மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், ஒரு கடலை அளவுக்கு ஒரு வட்டம் போட்டார். பிட்யூட்டரி சுரப்பியாம். அதற்கு மேலே மூளையிலேயே ஒரு சின்ன இடம், ஹைபோதலமஸ். சின்ன வயதில் அந்த இடம் அடங்கிக் கிடக்குமாம். ஒரு வயது வந்ததும் விட்டுவிட்டுச் சேதி அனுப்பத் தொடங்குமாம். அந்தச் சேதி கிடைத்ததும் பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். அவை கீழே சூலகத்துக்குப் போய் எழுப்பும். அதற்குப் பிறகுதான் உடம்பு மாறுவதும், மாதவிலக்கு வருவதும், இந்த மஞ்சள் நீரும் மாமன் சீரும்.

"ஒருத்திக்கு பன்னிரண்டுல, ஒருத்திக்கு பதினஞ்சுல... மூளைக்கு எப்படித் தெரியுது, நேரம் வந்திருச்சுன்னு?" என்று கேட்டேன்.

"அது எங்களுக்கே முழுசாத் தெரியாது டீச்சர்" என்று சிரித்தார். எனக்கு அந்த டொக்டரை ரொம்பப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

யோகாவின் கடலையில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் அந்தக் கட்டி, பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சொல்கிற ஹார்மோனை அளவுக்கு மீறி ஊற்றிக்கொண்டிருந்தது. கைக்குழந்தை இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, உடம்பு மாதவிலக்கை ஆரம்பிக்கவே இல்லை. கட்டி மேல்நோக்கியும் வளர்ந்துவிட்டது. கண்ணிலிருந்து வருகிற நரம்புகள் குறுக்கே கடக்கிற இடம் சரியாக அதற்கு மேலேதான் இருக்கிறதாம். அதை அழுத்தியதால்தான் இரண்டு பக்கப் பார்வையும் போனது. இன்னும் இழுத்தடித்திருந்தால் நேர்ப் பார்வையும் போயிருக்கும் என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

பாக்கியக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பஸ்ஸில் நான்தான் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். "மேல மூளையில இருக்கறது தொரைன்னு வச்சுக்குங்க. அவரு நேரா ஆளுங்ககிட்ட பேசமாட்டாரு. கீழ ஒரு கங்காணி இருக்காரு, அவருதான் பிட்யூட்டரி. காலையில பெரட்டுக் களத்துல பேரு கூப்புட்டு, வேலைய பிரிச்சுக் குடுக்கறவரு அவருதான். கர்ப்பப்பை, சூலகம் எல்லாம் கீழ நிக்கிற ஆளுங்க."

அக்கா கொஞ்ச நேரம் வெளியே ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "அப்ப ஆளுங்க மேல ஒரு குத்தமும் இல்ல. கங்காணி பேரே கூப்புடல."

"அதேதான்."

"அப்ப எம்புள்ள இருசி இல்ல." அவ்வளவு பேர் நிறைந்த பஸ்ஸில் உடைந்து அழுதார்.

கட்டிக்கு ஒப்பரேஷன் என்று பயந்துகொண்டிருந்தோம். டொக்டர் மாத்திரை எழுதினார். வெறும் மாத்திரை! "மண்டைக்குள்ள இருக்கிற கட்டி மாத்திரைல கரையுமா? பேயோட்டுறவங்ககூட இதைவிடக் கூடுதலா ஏதாச்சும் செய்வாங்களே" என்றார் அக்கா. ஆரம்பத்தில் பாதி மாத்திரை, சாப்பாட்டோடு. யோகாவுக்கு வாந்தி, தலைச்சுற்று. இருந்தாலும் ஒரு நாள்கூட விடவில்லை. அம்மாவையும் என்னையும் நம்பாமல் அவளே கொப்பியில் குறித்துக்கொண்டு விழுங்கினாள். சில வாரங்களில் தலைவலி குறைந்தது. ஒருநாள் மைதானத்தில் பக்கவாட்டில் வந்த பந்தை எட்டிப் பிடித்தாள். பிள்ளைகள் கைதட்டவில்லை, அவர்களுக்கு என்ன தெரியும்? நான் மட்டும் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணைத் துடைத்தேன்.

பல மாதங்கள் கழித்து ஒருநாள் இன்டர்வெல் நேரம். யோகா என் மேசைக்கு வந்து, "டீச்சர், வந்திருக்கு" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளை குவாட்டர்ஸில் விட்டுவிட்டு, பாக்கியக்காவிடம் ஓடினேன். பால் வாளிகளைக் கொண்டுவந்து நிறுக்கிற நேரம். பெண்கள் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். எல்லாரும் அந்தச் சடங்கில் சாப்பிட்டவர்கள். எப்படிச் சொல்வது? "அக்கா..." என்றேன். "கங்காணி பேரு கூப்புட்டாரு."

வாளி அவர் கையிலிருந்து நழுவியது. நல்லவேளை, பக்கத்தில் நின்றவள் பிடித்தாள். "என்ன பாக்கியம், என்ன ஆச்சு?" என்று நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். சிரிப்பதா, அழுவதா என்று அந்த முகத்துக்குத் தெரியவில்லை. "ஒண்ணுமில்ல... தலை சுத்துது" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு தாய்க்கு இப்படி ஒரு நிலைமை வரவேண்டுமா? மகள் பெரிய மனுஷியாகியிருக்கிறாள். ஒருவரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், 'போன தடவை யாரு வந்தா?' என்று கேட்பார்களே!

இன்றுவரை எனக்குக் குழப்பம் தீரவில்லை. அந்தப் பொய் சொல்லாமலிருந்தால் முதல் முறையே வியாதி பிடிபட்டிருக்கும். சரி. ஆனால் அந்தப் பொய் சொல்லாமலிருந்தால் 'இருசி' என்ற சொல்லோடு அந்தப் பிள்ளை ஒரு வருஷம் பள்ளிக்கூடம் வந்திருப்பாளா? ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்களா, பூசாரியிடம் போயிருப்பார்களா? நான் செய்தது பாவமா, உதவியா? கேட்டால் என் வீட்டுக்காரர் "ரெண்டும்தான்" என்கிறார். இதற்கு ஒரு புருஷன் வேறு!

யோகா இப்போது எஹலியகொடையில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஊசியில் நூல் கோக்க யாரையும் கூப்பிடுவதில்லை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. போன வாரக் கூத்துக்குப் பிறகு அவளுக்குப் போன் செய்தேன். இதை எழுதலாமா என்று கேட்டேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தார். "எழுதட்டும், இனி எனக்கு என்ன?" என்றது எனக்கும் கேட்டது.

"பேரை மாத்திப் போட்டுடறேன், பயப்படாத" என்றேன்.

யோகா சொன்னாள்: "வேணாம் டீச்சர். என்னயப் பத்தி இன்னொரு பொய் வேணாம்."

மாற்றவில்லை.